முகம் வெளுத்துப்போன படங்கள்: கேள்வி பதில்

கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்துவது என் தொழில். வெளிச்சம் கூடிப்போய் முகம் வெளுத்த படங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லைட்ரூம் மென்பொருளில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை ஏற்றி இறக்கும் ஸ்லைடரை) மைனஸ் 100 வரை இழுத்தேன். நெற்றி சாம்பல் நிறமாகிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

அந்த இடத்தில் மீட்பதற்கு எதுவுமே பதிவாகவில்லை, அதுதான் காரணம். ஜேபெக் படத்தில் (கேமராவும் ஃபோனும் வழக்கமாகச் சேமிக்கும் வகை) ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே தோல் இல்லை, வெறும் வெள்ளைதான். ஸ்லைடரால் அந்த வெள்ளையை மங்க வைக்கத்தான் முடியும். அழுக்குப் படிந்த மாதிரி தெரியும் சாம்பல் நெற்றிக்கு வெள்ளை நெற்றியே எவ்வளவோ மேல். நான் பெரும்பாலும் மைனஸ் 50-ஐத் தாண்டுவதில்லை. அதுவும் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுத்தான், அதாவது மற்ற இடங்களை மறைத்துவிட்டுத்தான்.

ஸ்லைடரைத் தொடும் முன், ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ பேனலைத் திறந்து நெற்றியில் கர்சரை வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் 255, மற்ற இரண்டும் குறைவு என்றால் பிழைக்க வழி உண்டு. தோலில் முதலில் எல்லையைத் தொடுவது சிவப்புதான்.

கேள்வி: மூன்றுமே 255 ஆகிவிட்டால்?

கையால்தான் நிரப்ப வேண்டும். புது லேயர் (படத்துக்கு மேலே ஒரு தனி அடுக்கு) போட்டு, அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதமான மோடை டார்க்கன் என்று மாற்றுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, வெளுத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் நல்ல தோலில் சொடுக்கி நிறம் எடுங்கள். மென்மையான பிரஷ், ஒபாசிட்டி (நிறம் எவ்வளவு அடர்த்தியாக விழும் என்பது) 10 சதவீதம். நாலைந்து தடவை லேசாகப் பூசினால் போதும். கன்னத்து நிறத்தை நெற்றிக்குக் கொண்டுபோகாதீர்கள், கன்னத்தில் சிவப்பு அதிகம்.

பூசிய இடம் மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கும். அதற்கு மேலே இன்னொரு லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால் பக்கத்துத் தோலின் நுண்துளைகளைக் கொண்டுவாருங்கள். அப்புறம் படத்தில் ஏற்கெனவே இருக்கிற அளவுக்கு நாய்ஸ், அதாவது புள்ளிப்புள்ளியான கரகரப்பு, சேருங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிண்ட் போட்டதும் அந்த இடம் ஒட்டுப்போட்டதாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பெண்ணின் அப்பா நெற்றியில் மூன்று பட்டை விபூதி. வீடியோ லைட் அடித்து விபூதியும் நெற்றியும் ஒன்றாகிவிட்டன. ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது.

இதில் நம்பிக்கை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சிவப்பில் நெற்றி முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும். பச்சையில் பட்டைகள் லேசாகத் தெரியும். நீலத்தில், மூன்றும் 255 ஆகாத வரை, பட்டைகள் தனித்தனியாக எழுந்து வரும். விபூதி நீலத்தையும் நன்றாகத் திருப்பி அனுப்பும், நம் தோல் அனுப்பாது.

நீல சேனலை முழுதாகக் காப்பி செய்து, மூன்று நிறமும் சேர்ந்த ஆர்ஜிபி-க்குத் திரும்பி, மேலே பேஸ்ட் செய்யுங்கள். மோடு லூமினாசிட்டி (நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது), ஒபாசிட்டி 25 சதவீதம். மாஸ்க் போட்டு நெற்றியில் மட்டும் திறந்துவிடுங்கள். நீல சேனலில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் இருக்கும் என்பதால் அளவு மீற வேண்டாம். தெளிவு போதவில்லை என்றால் பச்சையையும் அதே மாதிரி கலந்து பாருங்கள். பெரியவர் நெற்றியில் பட்டை திரும்பி வருவதைத் திரையில் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: ரா ஃபைலாக (கேமரா சென்சார் பதிவை அப்படியே சேமிக்கும் வகை) எடுத்தால் தப்பிக்கலாமா?

பெரும்பாலும் ஆமாம். வெளிச்சம் கூடிய இடத்தில் கேமராத் திரையில் மினுக்கும் எச்சரிக்கை, ஜேபெக் முன்னோட்டத்தைக் கணக்கில் வைத்து வருவது. ரா ஃபைலில் அதற்கு மேலும் கொஞ்சம் இடம் இருக்கும். முதலில் எக்ஸ்போஷரை இறக்குங்கள், பிறகு ஹைலைட்ஸ், கடைசியில் ஷேடோஸை ஏற்றுங்கள். லைட்ரூமுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லை, ஃபோன்தான்.

ஸ்னாப்சீட் என்ற ஆப்பில் செலக்டிவ் என்ற கருவி இருக்கிறது. நெற்றியில் புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, பிரைட்னஸைக் கொஞ்சம் இறக்குங்கள். சுத்தமாக வெளுத்த இடத்துக்கு இது உதவாது.

கேள்வி: மூக்குத்தியும் கண்ணில் தெரியும் ஒளியும்கூட 255 காட்டுகின்றன. சரி செய்யணுமா?

தொடவே வேண்டாம். மூக்குத்தி மின்னத்தான் வேண்டும். கண்ணில் அந்த ஒளிப்புள்ளியை மங்க வைத்தால் பார்வையில் உயிர் போய்விடும். வெள்ளை வேட்டியில் ஓரிரு மடிப்பு தெரியாவிட்டாலும் குறையில்லை.

கேள்வி: அம்மாவின் பழைய பிரிண்ட் ஸ்கேன். ஃபிளாஷில் முகம் பாதி வெள்ளை.

பிரிண்டை விட்டுவிட்டு நெகட்டிவைத் தேடுங்கள். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். பிரிண்டில் வெள்ளையாக இருக்கிற கன்னம் நெகட்டிவில் முழுசாக இருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள், துணியால் துடைக்காதீர்கள். ஸ்கேன் செய்பவரிடம் 16 பிட் டிஃப் ஃபைலாக (ஜேபெக்கைவிட நுணுக்கமாக நிறத்தைச் சேமிக்கும் வகை) கேட்டு வாங்குங்கள்.