மனசும் உடம்பும் ஒண்ணா ரெண்டா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் பி.ஏ. தத்துவம் ரெண்டாவது வருஷம். இருமைவாதம்னா மனம் வேறு உடல் வேறு, பௌதிகவாதம்னா எல்லாமே பௌதிகப் பொருள்தான்னு நோட்ஸ்ல ரெண்டே வரி இருக்கு. இதுல இவ்ளோ வருஷமா சண்டை போட என்ன இருக்குன்னு புரியல.
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அந்த ரெண்டு வரி சரிதாம்மா, ஆனா சண்டை எங்க ஆரம்பிக்குதுன்னு அதுல இல்ல. 1641ல பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் ஒரு புத்தகம் போட்டார். உடம்பு இருக்கான்னு கூட நான் சந்தேகப்படலாம், ஆனா யோசிச்சுக்கிட்டு இருக்கேங்கறதை சந்தேகப்பட முடியாது, ஏன்னா சந்தேகப்படறதே யோசனைதானேங்கறார். அங்கிருந்து போய், உடம்புன்னா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும், நீளம் அகலம் உண்டு, மனசு யோசிக்கும் ஆனா இடமே அடைக்காது, அதனால ரெண்டும் ரெண்டு வேற பொருள்னு முடிக்கிறார். இதுவரைக்கும் உங்க நோட்ஸ்.

அந்தப் புத்தகத்தை ஹாலந்துல ஹேக் நகரத்துல ஒரு பொண்ணு படிச்சாங்க. பேரு எலிசபெத், பொஹிமியா ராஜகுமாரி, நாடு போய் குடும்பத்தோட அங்க தஞ்சம் புகுந்திருந்தவங்க, வயசு 24. 1643 மே மாசம் டெகார்ட்டுக்கு ஒரு லெட்டர் போடறாங்க. கேட்டது இவ்ளோதான்: ஒண்ணை நகர்த்தணும்னா தள்ளணும், தள்ளணும்னா தொடணும், தொடணும்னா தொடறதுக்கு ஒரு பரப்பு வேணும், இது எதுவுமே மனசுக்குக் கிடையாதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் அது எப்படி கையையும் காலையும் அசைக்குது?

டெகார்ட் மழுப்பல, உக்காந்து பதில் எழுதினார். ஒரு பொருளோட கனம் அதைக் கீழ இழுக்குதுன்னு நாம நினைக்கிறோமே, அங்க எதுவும் எதையும் தொட்டுத் தள்ளுதுன்னு நினைக்கிறதில்லையே, அப்படி எடுத்துக்கோங்கன்னார். அவங்க ஒத்துக்கல. ஜூன் மாசம் திரும்ப எழுதறாங்க, பொருளே இல்லாத ஒண்ணு உடம்பை நகர்த்துதுன்னு ஒத்துக்கறதை விட, ஆத்மாவும் ஒரு வகைப் பொருள்தான்னு ஒத்துக்கறது எனக்கு சுலபமா இருக்குன்னு. பௌதிகவாதத்தோட வித்து அந்த ஒரு வாக்கியத்துல இருக்குங்கறது என் கருத்து. அதுக்கு டெகார்ட் சொன்னது, மனசும் உடம்பும் சேர்ந்திருக்கறதை யோசிச்சுப் புரிஞ்சுக்க முடியாது, அன்றாட வாழ்க்கையில, நாலு பேர்கிட்ட பேசறதுலதான் புரியும்னு. 1649ல இன்னொரு புத்தகத்துல, மூளைக்கு நடுவுல இருக்கிற பினியல் சுரப்பியிலதான் ஆத்மா வேலை செய்யுதுன்னு இடத்தைக் காட்டினார். எங்கேங்கறதுக்கு ஒரு பதில் வந்துச்சு, எப்படிங்கறதுக்கு வரல.

பௌதிகவாதப் பக்கத்து ஆளுங்க, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு யுனிவர்சிட்டியில இருந்த பிளேஸ், ஸ்மார்ட்னு ரெண்டு பேர், 1956லயும் 1959லயும் எழுதினாங்க. மின்னல்ங்கறது மின்சாரம் பாயறதுதான், அதுக்கு மேல தனியா மின்னல்னு ஒண்ணு கிடையாது, அப்படியே வலிங்கறதும் மூளையில நடக்கிற ஒரு காரியம்தான்னாங்க. பரீட்சையில இவங்க பேரை எல்லாரும் எழுதுவாங்க, நீங்க எலிசபெத்தையும் சேர்த்து எழுதுங்க, அந்த லெட்டரெல்லாம் இப்பவும் படிக்கக் கிடைக்குது, படிச்சீங்கன்னா விட மாட்டீங்க.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக். கை கால் தேறிடுச்சு, குணம்தான் மாறிப்போச்சு. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர், இப்ப சோறு ஆறிப்போச்சுன்னா தட்டை வீசறார். அம்மா, "ஆத்மா அதேதான், மூளைதான் ரிப்பேர்"ங்கறாங்க. தம்பி, "இது அப்பாவே இல்ல"ங்கறான். ஆனா நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் கதவைத் திறந்து வச்சு உக்காந்திருக்கார், அது மட்டும் மாறல. யார் சொல்றது சரி?
- வாசகர், சேலம்

பதில்: தத்துவத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அவர் வேணும்னு பண்ணல. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கோபம் அடங்காமப் போறது டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம், கை கால் தேறிடுச்சேன்னு ஆஸ்பத்திரிப் பக்கம் போறதை நிறுத்தியிருந்தா திரும்பப் போங்க, நரம்பியல் டாக்டர்கிட்ட இந்தத் தட்டை வீசற விஷயத்தைக் கூச்சப்படாம சொல்லுங்க.

இனி அம்மா சொல்றது. இருமைவாதிகள் ரொம்ப நாளா சொல்ற பதில் அதுதான்: ரேடியோ பெட்டி ரிப்பேரானா பாட்டு கரகரன்னு வரும், அதுக்காக ஸ்டேஷன்ல பாடறவருக்குத் தொண்டை கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கேக்க நல்லாயிருக்கு, நாக்கு குழறுறது, கை நடுங்கறது இதுக்கெல்லாம் பொருந்தவும் பொருந்துது. ஆனா எலிசபெத் அதே ஜூன் மாச லெட்டர்லயே இதையும் கேட்டுட்டாங்க: உடம்பு இல்லாமலே இருக்க முடியும்ங்கற ஆத்மா, நல்லா யோசிச்சுப் பழகின ஆத்மா, உடம்புக்குள்ள நீராவி மாதிரி ஏதோ கிளம்பினதுக்காக யோசிக்கிற சக்தியையே ஏன் இழக்குது? பெட்டிதான் கெட்டுச்சுன்னா பாடறவர் ஏன் பாட்டையே மறக்கணும்?

கேப்கிராஸ்னு ஒரு கோளாறு இருக்கு. சென்னை ஸ்டான்லியில எம்.பி.பி.எஸ். படிச்சுட்டு கலிபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரன், அப்படி ஒரு நோயாளியை ஆராய்ஞ்சு 1997ல எழுதியிருக்கார். தலையில அடிபட்ட ஒரு இளைஞர், பெத்த அம்மாவைப் பார்த்து, அம்மா மாதிரியே இருக்காங்க ஆனா அம்மா இல்ல, யாரோ வேஷம் போட்டு வந்திருக்காங்கன்னார். கண்ணு நல்லா தெரியுது, புத்தி நல்லா இருக்கு. அதே அம்மா போன்ல பேசினா டக்குன்னு அம்மான்னு தெரியுது! முகத்தைப் பார்க்கிற பாதைக்கும் பாசம் கிளம்பற இடத்துக்கும் நடுவுல இணைப்பு அறுந்திருக்கணும், காது வழி இணைப்பு தப்பிச்சிருக்குங்கறதுதான் ராமச்சந்திரன் தந்த விளக்கம். பாசமே மூளை வழியா ஓடுதுன்னா, உங்க அம்மா பக்கத்து ரேடியோ கணக்கு எனக்கு உதைக்குது.

அதுக்காக தம்பி பக்கம் போயிடாதீங்க, அவர் சொல்றது இன்னும் தப்பு. 1848ல அமெரிக்காவுல வெர்மான்ட்ல ரயில் பாதைக்குப் பாறை வெடி வைக்கும்போது பினியாஸ் கேஜ்ங்கற 25 வயசு மேஸ்திரியோட கன்னத்துல பூந்த கம்பி மண்டை வழியா வெளிய வந்துச்சு, ஆளு பிழைச்சார், குணம் மாறிப்போச்சு, இது பழைய கேஜே இல்லன்னு கூட இருந்தவங்க சொன்னதா அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே எழுதி வச்சார். பாடப் புத்தகத்துல கதை அங்கயே முடிஞ்சிடும். அதுக்கு அப்புறம் அவர் சிலி நாட்டுக்குப் போய் வருஷக்கணக்கா கோச்சு வண்டி ஓட்டினார். பல குதிரையைக் கட்டி மேய்ச்சு, நேரம் பார்த்து, பயணிகள்கிட்ட பேசிச் செய்யற வேலை அது, சுயபுத்தி கெட்டவரால முடியாது. மனசு மூளையிலதான் இருக்குன்னு வச்சுக்கிட்டாலும், மூளையில ஒரு பக்கம் அடிபட்டா ஆளே போயிட்டார்னு ஆகாது, அடிபடாத பக்கமெல்லாம் அவர்தான். உங்களுக்காகக் கதவைத் திறந்து வச்சிருக்கிறது உங்க அப்பாதான், சந்தேகமே வேண்டாம், இதை தம்பிகிட்ட படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: ஸ்கேன்ல மூளை வேலை செய்யறதே படமா தெரியுது, இன்னும் எதுக்கு தத்துவம்?
- வாசகர், கோவை

பதில்: 1998ல கிறிஸ்டோஃப் கோக்னு மூளை விஞ்ஞானி ஒருத்தர், உணர்வுக்கு மூளையில என்ன அடையாளம்னு 25 வருஷத்துல தெளிவா கண்டுபிடிச்சிடுவோம்னு டேவிட் சால்மர்ஸ்ங்கற தத்துவவாதிகிட்ட பந்தயம் கட்டினார். 2023 ஜூன்ல நியூயார்க்ல மேடையில வச்சு, இன்னும் முடியலன்னு ஒத்துக்கிட்டு ஒயின் கொடுத்தார். ஸ்கேன் காட்டறது எந்த இடத்துல ரத்த ஓட்டம் கூடுதுன்னுதான். அந்த இடம் வேலை செய்யும்போது எனக்குப் பல்லு ஏன் வலிக்கணும், வலிங்கற உணர்ச்சியே இல்லாம அந்த வேலை மட்டும் நடந்துட்டுப் போனா என்னங்கற கேள்வி அப்படியே நிக்குது. ஃபிராங்க் ஜாக்சன்னு ஒருத்தர் 1982ல கேட்டார்: கறுப்பு வெள்ளை மட்டுமே இருக்கிற ரூம்ல வளர்ந்த மேரி, நிறம் பத்தின விஞ்ஞானம் முழுசும் படிச்சுட்டா, வெளிய வந்து முதல் தடவையா சிவப்பைப் பார்க்கிறா, புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டாளா இல்லையா? ஆமான்னா, அந்த விஞ்ஞானத்துல அடங்காத ஒண்ணு இருக்குன்னு ஆகுதேன்னார். ஜாக்சனே பின்னாடி மனசு மாறி பௌதிகவாதி ஆயிட்டார். நானும் அந்தப் பக்கம்தான் சாயறேன், ஆனா மேரிக்கு நாங்க இன்னும் சரியா பதில் சொல்லலங்கறதையும் சேர்த்தே சொல்லுவேன்.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரங்க பேராவே இருக்கே, நம்ம ஊர்ல யாரும் இதைப் பேசலையா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பேசாமலா! மணிமேகலையில 27வது காதையை எடுங்க. வஞ்சி நகரத்துல அவள் ஒவ்வொரு சமயக்காரர்கிட்டயும் போய்க் கேக்கறாள், அதுல ஒருத்தர் பூதவாதி, அதாவது நிலம், நீர் மாதிரியான பூதங்களாலதான் எல்லாம் ஆச்சுங்கறவர். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மத்ததையும் கலந்தா போதை பிறக்கிற மாதிரி பூதங்கள் கூடினா உணர்வு தோணும், அது கலைஞ்சா பறையோட ஓசை மாதிரி இல்லாமப் போயிடும், மறுபிறப்பெல்லாம் பொய்ங்கறார். கண்ணால பார்க்கிறதைத் தவிர எதையும் ஏத்துக்க மாட்டேங்கறார். மணிமேகலை சிரிச்சுட்டு, உன் அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானம் இல்லாம எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு ஒரே கேள்வியில மடக்கறாள். ஆனா கவனிங்க, அந்தக் கேள்வி அவரோட பிரமாணத்தைத்தான், அதாவது எதை வச்சு அறியறோம்ங்கறதைத்தான் அடிக்குது, பூவும் வெல்லமும் சேர்ந்து போதை வருதேங்கற வாதம் அடிபடவே இல்ல.

எதிர்ப் பக்கம் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார். சிவஞானபோதம் மூணாம் சூத்திரத்துல உயிர் தனியா உண்டுன்னு நிறுவறார், "எனது உடல்"னு சொல்றோமே, அப்ப சொல்றவன் வேறதானேன்னு, தூக்கத்துல உடம்பு இருந்தும் சாப்பாடும் வேலையும் இல்லையேன்னு அடுக்கிக்கிட்டே போறார். நாலாவதுல அந்தக்கரணமும் உயிர் இல்லங்கறார், அதாவது மனம், புத்தி, சித்தம், அகங்காரம் எல்லாமே மாயையில இருந்து வந்த கருவி, சடப்பொருள் பக்கம். டெகார்ட் யோசனையை ஆத்மா கையில கொடுத்தார், மெய்கண்டார் அதையும் பிடுங்கி உடம்பு பக்கம் வச்சுட்டார். மூளை கெட்டா ஞாபகம் போகுதேன்னு எலிசபெத் கேட்டிருந்தா, போகத்தான் செய்யும், கருவி போச்சுல்லன்னு சித்தாந்தி சொல்லிட்டுப் போயிருப்பார், டெகார்ட்டை விட இவர் இருமைவாதம் கெட்டியானது.

எனக்கு இடிக்கிற இடம் வேற. ஞாபகம், ஆசை, புத்தி, நான்ங்கற நினைப்பு எல்லாத்தையும் உடம்பு பக்கம் தள்ளிட்டா, மிச்சம் நிக்கிற உயிருக்கும் எனக்கும் என்ன உறவு? உயிர் தனக்குன்னு ஒரு நிறம் இல்லாம சார்ந்ததன் வண்ணமா ஆகும்னு சித்தாந்தத்துல பதில் இருக்கு. சரி, எப்படிச் சாரும்? சித்தாந்தம் முறையா பாடம் கேட்ட வாசகர்கள் இருந்தா இதுக்கு எழுதுங்க, ஒரு பக்கத்துக்குள்ள இருந்தா அடுத்த இதழ்ல முழுசா போடறேன்.