கண் வேகமா, கணிப்பா? விளையாட்டுத் திறன் பற்றிய கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் பாடசாலைக் கிரிக்கெட், கரப்பந்து அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். விளையாட்டு விஞ்ஞானமும் படித்திருக்கிறேன். நல்ல வீரர்கள் ஆட்டத்தை எப்படி அவ்வளவு சீக்கிரம் படிக்கிறார்கள், உடம்பு எப்படி அதற்குப் பழகுகிறது என்பது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஜிம், புரோட்டீன் மா பற்றியும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

தரம் 11 மாணவன், தலவாக்கலை: சேர், நான் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். வேகமாகப் போடுகிறவன் வந்தால் பந்து போன பிறகுதான் என் மட்டை இறங்குகிறது. பெரிய வீரர்களுக்குக் கண் நம்மைவிட வேகமா?

பதில்: இல்லை தம்பி. முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரீஸ் கோட்டிலிருந்து மறு கிரீஸ் கோட்டுக்கு 17.7 மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்துக்கு இந்தத் தூரம் அரை விநாடி வேலைகூட இல்லை. கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மட்டை வீச வேண்டும். பந்து பாதி வழி வந்த பிறகு முடிவெடுப்பவன் எப்போதும் பிந்தித்தான் போவான்.

1987இல் பீட்டர் மெக்லியட் என்ற பிரித்தானிய உளவியலாளர் இதைச் சோதித்தார். விரிப்புக்குக் கீழே மரக் குச்சிகளை வைத்து, பந்து குத்திய பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்தார். சர்வதேசத் தரத்தில் ஆடியவர்களாலும் அந்தத் திருப்பத்துக்குச் சுமார் 0.2 விநாடிக்குள் மட்டையை மாற்ற முடியவில்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே எல்லைதான் அவர்களுக்கும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பந்து கையை விட்டு வரும் கணத்தில் படத்தை நிறுத்திவிட்டு, எங்கே விழும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்கும் சோதனைகள் பல நடந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னெதி இந்த வகை ஆய்வில் முக்கியமானவர். புதியவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வார்கள். தேர்ந்தவர்கள் பந்துவீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும் பார்த்தே பாதிக் கதையைப் படித்துவிடுவார்கள்.

இதற்கு வேடிக்கையான சாட்சி ஒன்று உண்டு. 2004இல் ஒரு காட்சிப் போட்டியில், அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் அடிகாரரான அல்பர்ட் புஜோல்ஸை, ஜெனி ஃபின்ச் என்ற சொஃப்ட்போல் வீராங்கனை ஒரு பந்தையும் தொடவிடாமல் வெளியே அனுப்பினார். பந்து பேஸ்போலைவிடப் பெரியது, வேகமும் அதிகமில்லை. ஆனால் கீழிருந்து சுழற்றி வீசும் கையை புஜோல்ஸ் வாழ்நாளில் அதிகம் பார்த்ததில்லை. கண் அதே கண்தான். படிக்கத் தெரிந்த எழுத்து அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வலைப் பயிற்சியில் மட்டை பிடிக்காத நேரத்தில் போனை நோண்டாமல் நடுவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பந்து கையை விட்டதும் "ஷோர்ட்", "ஃபுல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது காசில்லாத பயிற்சி.

அதே மாணவன்: அப்படியென்றால் "பந்தைக் கடைசி வரை பார்" என்று சொல்வது பொய்யா சேர்?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் அப்படி வேலை செய்வதில்லை. மைக்கல் லாண்டும் மெக்லியடும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், துடுப்பாட்டக்காரரின் பார்வை பந்து கையை விடும்போது அதன் மேல் இருந்தது. பிறகு பந்தை விட்டுவிட்டு அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருந்தது. நல்ல ஆட்டக்காரரின் கண் முன்னதாகவே தாவியது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், உயர்மட்ட வீரர்கள் பந்தின் திசைக்கு ஏற்பத் தலையைத் திருப்பிக்கொண்டே வந்து, மட்டையில் படும் இடத்துக்கும் கண்ணை முன்கூட்டிக் கொண்டுபோனது தெரிந்தது. ஆகவே தலையைப் பந்தோடு சேர்த்துத் திருப்பப் பழகினால் நல்லதே.

ஒரு தாய், பொகவந்தலாவை: மகனுக்குக் கண் வேகத்தைக் கூட்டும் ஆப் என்று ஒன்றைக் காட்டி மாதம் மாதம் பணம் கேட்கிறார்கள். திரையில் புள்ளி ஓடும், தொட வேண்டும். கட்டலாமா? நான் கொழுந்து எடுக்கிறவள், யோசித்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

பதில்: வேண்டாம் அக்கா. புள்ளியைத் தொட்டுப் பழகினால் புள்ளியைத் தொடுவதில் கெட்டிக்காரனாவான். அது மைதானத்துக்கு வந்து சேர்வதற்கு நல்ல ஆதாரம் மிகக் குறைவு. நீங்கள் மலையில் நிரையில் நிற்கும்போது கை எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும் எங்கே, முற்றியது எங்கே என்று தேடுவதே இல்லை. கண் பட்ட இடத்தில் கை இருக்கும். யாரும் உங்களுக்குத் திரையில் புள்ளி காட்டிப் பழக்கவில்லை. செடிக்கு முன்னால் நின்றே வந்தது. மகனுக்கும் பந்துக்கு முன்னால் நின்றுதான் வரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கண்ணைச் சோதித்துவிடுங்கள். தூரப் பார்வை மங்கலாக இருப்பது தெரியாமலே சில பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

கழக அணித் தலைவர், நுவரெலியா: இங்கே நன்றாக ஆடுகிறோம். கொழும்புக்குப் போனால் பந்து அதிகம் ஸ்விங் ஆகிறது போலிருக்கிறது, நேரம் பிசகுகிறது. மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை. நல்ல கேள்வி, எனக்குப் பிடித்ததும்கூட. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். கொழும்போடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று ஐதாக இருந்தால் பந்தைத் தடுப்பதும் குறைவு, பக்கவாட்டில் தள்ளுவதும் குறைவு. உங்கள் கண் பழகியிருப்பது இந்தப் பந்துக்கு. கீழே போனதும் அதே கையிலிருந்து வரும் பந்து கொஞ்சம் கூடுதலாக வளைகிறது, கொஞ்சம் பிந்தி வருகிறது. நீங்கள் முந்தி அடித்துவிடுகிறீர்கள். முடிந்தால் முதல் நாளே போய் அங்கே வலைப் பயிற்சி செய்யுங்கள்; கணிப்பு புதிய காற்றுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு சுற்றுப் பந்தாவது வேண்டும். போட்டியின் முதல் ஓவரில் அதைச் செய்யப் போனால் விக்கெட்டைக் கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. உயரமான கேட்ச் பிடிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு வருவதில்லை. ஏனென்றால் அவர்கள் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடுவதில்லை. பந்தை அண்ணாந்து பார்க்கும் கோணம் சீராக மாறிக்கொண்டிருக்கும்படி ஓடுகிறார்கள். பார்வையில் பந்து வேகமெடுத்து மேலே ஏறினால் பின்னால் போவார்கள், தயங்கினால் முன்னால் வருவார்கள். அப்படி ஓடினால் பந்து விழும் இடத்தில் கால் தானாகப் போய் நிற்கும், காற்று எதுவாக இருந்தாலும். அதனால்தான் "எங்கே விழும், காட்டு" என்று நிற்கவைத்துக் கேட்டால் நல்ல களத்தடுப்பாளர்கூடத் திணறுவார். ஓடவிட்டால் பிடித்துவிடுவார்.

மென்பந்து ஆட்டக்காரர், மஸ்கெலியா: தோட்ட மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் நான்தான் அதிகம் அடிப்பேன். கடினப் பந்தில் நிற்கவே முடியவில்லை. பயமா?

பதில்: கொஞ்சம் பயமும் இருக்கலாம். அதைவிட, மென்பந்து ஆட்டத்தில் நீங்கள் அடிக்கும் டென்னிஸ் பந்து லேசானது. காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், குத்தினால் உயரமாக எழும்பும். உங்கள் நேரக்கணக்கு முழுக்க அதற்கு எழுதப்பட்டது. கடினப் பந்தை மெதுவாக வீசச் சொல்லித் தொடங்குங்கள், ஆனால் ஒரு மனிதன் ஓடிவந்து வீசட்டும். இயந்திரத்துக்குக் கையும் தோளும் இல்லை. அதற்கு முன்னால் படிக்க ஒன்றுமில்லை, காலை எடுத்து வைக்கும் நேரமே மாறிப்போகும்.

ஆசிரியை, கரப்பந்துப் பொறுப்பு, பதுளை: சேர், சேர்விஸ் எடுக்கப் பழக்க நானே வலைக்கு மறுபக்கம் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 பந்து எறிகிறேன். பயிற்சியில் அழகாக எடுக்கிறார்கள். வலய மட்டத்தில் முதல் சேர்விஸிலேயே சிதறுகிறார்கள்.

பதில்: டீச்சர், கோபிக்காதீர்கள். பயிற்சியில் அழகாக இருப்பதுதான் பிரச்சினையே. ஒரே இடத்துக்கு ஒரே மாதிரி வரும் பந்தில் பிள்ளை முடிவெடுப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் மூன்று பந்துக்குப் பிறகு கை மட்டும் வேலை செய்கிறது, மூளை வீட்டுக்குப் போய்விடுகிறது.

1979இல் ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். கை அசைவுகள் சிலவற்றை ஒரு குழு ஒவ்வொன்றாக அடுக்கிப் பழகியது. மற்றக் குழு கலந்துகட்டிப் பழகியது. பழகும்போது அடுக்கிப் பழகியவர்கள் முன்னால். பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முன்னால். 1994இல் பேஸ்போல் ஆடும் கல்லூரி மாணவர்களிடமும் இதேபோல் வந்தது: வகைக்கு வகை கலந்து வீசிய பந்துகளை அடித்துப் பழகியவர்களே அதிகம் முன்னேறினார்கள். அடுக்கிப் பழகுவது அதிபருக்கும் பெற்றோருக்கும் காட்ட நன்றாக இருக்கும், அதனால்தான் அது சாகாமல் இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அப்புறம், "ஒரே அசைவை அச்சு மாதிரிப் பதிய வைக்க வேண்டும்" என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் பேர்ன்ஸ்டைன் 1920களில் மொஸ்கோவில், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில்தான் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் வேறு வேறு வழியில் போயின. தேர்ந்த உடம்பு முடிவைத்தான் திரும்பச் செய்கிறது. அதை அடையும் வழியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே முழங்கைக் கோணம் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: நீங்கள் எறிவதை நிறுத்துங்கள். பிள்ளைகளே சேர்வ் போடட்டும், கோட்டுக்குப் பின்னாலிருந்து, நினைத்த இடத்துக்கு. எடுக்கும் பிள்ளை பந்து வலையைத் தாண்டும் முன் "முன்", "பின்" என்று கத்த வேண்டும். கரப்பந்தை 1991இல் தேசிய விளையாட்டாக அறிவித்தார்கள், ஆனால் தோட்டப் பாடசாலையில் இரண்டு பந்துக்கு மேல் இருந்தால் அதிசயம் என்று எனக்கும் தெரியும். இதற்கு இரண்டு பந்து போதும். முதல் இரண்டு வாரம் பயிற்சி அலங்கோலமாகத்தான் இருக்கும்.

வலைப்பந்து ஷூட்டர், கண்டி: பயிற்சியில் போடுவதெல்லாம் விழும். மாகாண மட்டத்தில் கை இறுகிவிட்டது. அன்று முழுக்க "முழங்கையை நேராக வை, மணிக்கட்டை மடி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதில்: அந்தச் சொல்லிக்கொண்டதுதான் தங்கச்சி. பழகிய அசைவுக்குள் மனம் புகுந்து பாகம் பாகமாக நடத்தப் பார்த்தால் அது குலைந்துவிடும். 1992இல் ரிச் மாஸ்டர்ஸ் செய்த கோல்ஃப் சோதனையில், விதிமுறைகளை மனப்பாடம் செய்து பழகியவர்களைவிட, வேறொரு வேலையில் கவனத்தை வைத்துக்கொண்டே பழகியவர்கள் அழுத்தத்தின்போது நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள்.

உங்கள் கவனம் உடம்பில் வேண்டாம், வளையத்தில் இருக்கட்டும். 1996இல் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோ போடுகிறவர்களின் கண்ணை ஆராய்ந்தபோது, திறமையானவர்கள் கை அசையுமுன் வளையத்தில் ஒரே இடத்தில் பார்வையை நிறுத்தி நீண்ட நேரம் வைத்திருந்ததைக் கண்டார். வலைப்பந்தில் பந்து கையில் இருக்கலாமென்பது மூன்று விநாடி. அதில் ஒரு விநாடியை வளையத்தின் பின் விளிம்பைப் பார்ப்பதற்குக் கொடுங்கள், பிறகு விடுங்கள்.

ரக்பி ரசிகர், கண்டி: எங்கள் ஊர் முரளியின் பந்தை அத்தனை பெரிய வீரர்களாலும் ஏன் படிக்க முடியவில்லை? அதேபோல் ரக்பியில் ஒரு பக்கம் ஆட்டம் காட்டிவிட்டு மறுபக்கம் போகிறவனை எப்படிப் பிடிப்பது?

பதில்: முரளி ஓஃப் ஸ்பின்னை விரலால் மட்டும் போடாமல் மணிக்கட்டைச் சுழற்றிப் போட்டார். மற்ற ஓஃப் ஸ்பின்னர்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதிய கை. பிறகு ஏறத்தாழ அதே அசைவிலிருந்து மறுபக்கம் திரும்பும் தூஸ்ராவும் வந்தது. 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு அது மட்டுமே காரணமில்லை. நீளமும் பொறுமையும் இருந்தன. ஆனாலும் பார்க்காத கையைப் படிப்பது கடினம். இடதுகைக்காரர்கள் தொந்தரவு கொடுப்பதற்கும் அரிதாக இருப்பது ஒரு காரணம்.

ரக்பியில் தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்புப் பொய் சொல்வது கடினம். உடம்பின் பாரம் அங்கேதான் இருக்கிறது. 2006இல் ரக்பி வீரர்களிடம் செய்த ஆய்வில் புதியவர்கள் இந்த ஏமாற்று அசைவில் விழுந்தார்கள், தேர்ந்தவர்கள் அவ்வளவாக விழவில்லை.

ஒரு தந்தை, பண்டாரவளை: 10,000 மணித்தியாலம் பழகினால் யாரும் சம்பியன் ஆகலாமா? மகளுக்கு எட்டு வயது, இப்போதே பூப்பந்து மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

பதில்: அண்டர்ஸ் எரிக்சன் 1993இல் ஆராய்ந்தது பேர்லினில் வயலின் படித்த மாணவர்களை. அந்த எண் அவர்களில் சிறந்த குழுவின் சராசரி. தாண்டினால் பரிசு கிடைக்கும் கோடு அல்ல. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் வீரர்களுக்கிடையிலான வித்தியாசத்தில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது சுமார் 18 சதவீதம் மட்டுமே. எட்டு வயதில் எல்லாவற்றையும் ஆடவிடுங்கள், நம் நாட்டு மட்டைப் பந்தாட்டமான எல்லே உட்பட.

தோட்ட அணி கோல்காப்பாளர், 42 வயது, நோர்வூட்: பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்வது என்று பையன்கள் கேட்கிறார்கள். நான் உதைப்பவனின் முகத்தைப் பார்க்கிறேன். வயதும் போய்விட்டது, இனிப் படிக்க முடியுமா?

பதில்: முடியும் அண்ணே. வயது முதலில் தொடுவது பாய்ச்சலை, கணிப்பை அல்ல. முகத்தை விட்டுவிடுங்கள். 2002இல் நெதர்லாந்தில் வந்த ஆய்வில், புதியவர்கள் உடம்பையும் கையையும் அதிகம் பார்த்தார்கள். தேர்ந்தவர்களின் கண் ஓடிவருபவனின் கால்களிலும் பந்திலும் இருந்தது. உதைக்காத கால் எந்தப் பக்கம் பார்த்து ஊன்றப்படுகிறது என்பது நல்ல அறிகுறி. ஆனால் அது உதைக்குச் சற்று முன்னால்தான் தெரியும், 11 மீற்றரிலிருந்து பலமாக அடித்தால் பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். கால் ஊன்றும் வரை பொறுத்து, ஊன்றியதும் கிளம்புங்கள்.

மழை நாளில் மைதானம் கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். கோல் நடுவில் போனைக் கண் உயரத்தில் கட்டி வைத்து, பையன்கள் உதைப்பதை ஒரு நல்ல நாளில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கால் பந்தில் படும் இடத்தில் நிறுத்தி, இடமா வலமா என்று சொல்லிவிட்டு மீதியை ஓடவிடுங்கள். சரியாக வர ஆரம்பித்ததும் இன்னும் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். வேறு தோட்டத்துப் பையன்களின் உதையும் அதில் இருக்கட்டும். உங்கள் பையன்களைத்தான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே.