சென்னை – சிங்கப்பூர்: தூரம் கொஞ்சம், கணக்கு நிறைய

பல வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தூரம் ஒரு இடத்தில் 2,920 என்றும் இன்னொரு இடத்தில் 1,577 என்றும் போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

நான் திருச்சி. எங்களுக்குத் தூரம் குறைவுதானே, தெற்கே இருக்கிறோமே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தெற்கே இருப்பது உண்மை, ஆனால் சென்னையைவிட மேற்கே தள்ளி இருக்கிறீர்கள். சிங்கப்பூர் இருப்பதோ கிழக்கே. அதனால் உங்களுக்குத்தான் சுமார் 60 கி.மீ. கூடுதல். கோவைக்காரர்களுக்கு 3,160ஐத் தொடும்.

விமானம் மணிக்கு 850 கி.மீ. போகிறது என்றால் மூன்றரை மணி நேரம் போதுமே. டிக்கெட்டில் 4 மணி 20 நிமிடம் என்கிறார்களே?

டிக்கெட்டில் இருப்பது இங்கே கேட்டை விட்டு நகர்வது முதல் அங்கே கேட்டில் போய் நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்ப வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 850 கிடையாது. தாமதத்துக்கென்று கொஞ்சம் நேரத்தையும் சேர்த்தேதான் அட்டவணை போடுகிறார்கள்.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரமா?

காற்றைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேலே 12 முதல் 15 கி.மீ. உயரத்தில் நேர்மாறாகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும். வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம் 1950களிலேயே இதைப் பற்றி எழுதினார். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது பெரும்பாலும் எதிர்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். சில நிமிடங்கள்தான் வித்தியாசம், பயப்பட ஒன்றுமில்லை.

இரவு 11.30க்கு ஏறினால் காலை 6.20க்கு இறங்குகிறோம். நன்றாகத் தூங்கிவிடலாமா அண்ணா?

தம்பி, அது 7 மணி நேரம் இல்லை. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இறங்கும்போது உங்கள் உடம்புக்கு விடிகாலை 3.50. சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போய் விளக்கை அணைப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும், இறங்குவதற்கு அரைமணி முன்பே நாற்காலியை நிமிர்த்தச் சொல்லி எழுப்புவார்கள். இறங்கும்போது வெளியே இருட்டாகவே இருக்கும், அங்கே சூரியன் வருவது 7 மணிவாக்கில்தான். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் 2 மணிதான் வித்தியாசம்.

தாத்தா ரஜூலா கப்பலில் போனாராம். எத்தனை நாள் ஆகியிருக்கும்?

நாகப்பட்டினம், பினாங்கு எல்லாம் தொட்டுத்தான் போகும். ஒரு வாரம் போல ஆகும்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருக்கிறது. 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதுமா?

அம்மா, 14ஆம் தேதி இரவு 9.30க்கே ஏர்போர்ட்டில் இருங்கள். என் மச்சான் இதே மாதிரி நினைத்துக்கொண்டு, ஒரு நாள் கழித்து மாலையும் பெட்டியுமாக வாசலில் போய் நின்றார். டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான்தான், சொல்ல மறந்துவிட்டேன். இன்றுவரை வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.