58 மி.மீ. பட்டன் பேட்ஜுக்குத் தாளை எதனால் வெட்டுவது?

கேள்வி: வீட்டில் 58 மி.மீ. பட்டன் பேட்ஜ் செய்யும் கைப்பிரஸ் வைத்திருக்கிறேன். பள்ளி விழாக்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் ஒரு தடவைக்கு ஐம்பது முதல் நூறு வரை ஆர்டர் வருகிறது. கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கை வலிக்கிறது. சில பேட்ஜுகளில் ஓரம் சுருங்குகிறது. சிலவற்றில் மேலுள்ள பிளாஸ்டிக் கழன்று வருகிறது. சுழல் கத்தி உள்ள வட்டக் கட்டர், கையால் அழுத்தும் பஞ்ச், கம்ப்யூட்டரோடு இணைக்கும் கட்டிங் மெஷின் ஆகியவற்றில் எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தேவைக்கு, உங்கள் பிரஸ்ஸுக்கென்றே விற்கப்படும் நிலையான அளவுள்ள பஞ்ச்தான் பொருத்தமானது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் பெரும்பாலும் வெட்டிலிருந்தே வருவதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிரஸ்ஸின் முதல் டையில் (பாகங்களை வைத்து அழுத்தும் அச்சுக் குழியில்) உலோக மூடி, அதன்மேல் அச்சிட்ட தாள், அதன்மேல் மைலார் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வட்டு என அடுக்கி அழுத்துகிறோம். இரண்டாவது டையில் சட்டையில் குத்தும் ஊசி பொருத்திய பின்தகடு காத்திருக்கிறது. அங்கே அழுத்தும்போது தாள், மைலார் இரண்டின் விளிம்பும் மூடியைச் சுற்றி உள்ளே மடிந்து, மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே இறுகப் பிடிபடுகின்றன. ஆகவே தாள் வட்டம் பெரிதானால் மிகுதியான தாள் உள்ளே திரண்டு, தகடு உட்காராமல் ஓரம் சுருங்கும். சிறிதானால் மடிப்புக்குள் பிடிமானம் குறைந்து மேலுள்ள மைலார் கழலும், தாளின் விளிம்பும் வெளியே தெரியும். கத்தரிக்கோல் வெட்டில் ஒரே வட்டத்தின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் அமைந்துவிடுவதால், இரண்டு குறைகளும் ஒரே பேட்ஜில்கூட வரலாம்.

58 மி.மீ. என்பது முடிந்த பேட்ஜின் முகம். அதற்கு வெட்ட வேண்டிய தாள் பெரும்பாலான மெஷின்களில் 70 மி.மீ. அளவு, சில தயாரிப்புகளில் இது ஓரிரு மி.மீ. மாறும். கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் பஞ்சுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். இரண்டரை அங்குலம் 63.5 மி.மீ., மூன்று அங்குலம் 76 மி.மீ. என்பதால் இரண்டுமே உங்களுக்கு உதவாது. வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: உதிரிப் பொருள்களோடு வந்த மைலார் வட்டை, பஞ்ச் வெட்டிய தாளின்மேல் வையுங்கள், இரண்டின் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தினால் அந்தப் பஞ்ச் சரியானது.

பஞ்சின் வாய் ஆழம் குறைவு என்பதால் முழு ஏ4 தாளின் நடுப்பகுதிக்கு அது எட்டாது; முதலில் தாளைப் பட்டைகளாகவோ சதுரங்களாகவோ நறுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று 70 மி.மீ. வட்டங்கள் அடுத்தடுத்து நின்றால் ஏ4 தாளின் 210 மி.மீ. அகலம் முழுவதும் தீர்ந்துவிடும். எனவே வரிசைக்கு இரண்டாக, தாளுக்கு எட்டு வட்டங்கள் வைப்பதே நிதானமாக வெட்ட வசதியானது. பஞ்சைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வெட்டும் வளையத்தின் வழியே படம் தெரியும். நடுமையம் பிசகாமல் இருக்க, அச்சிடும்போதே 70 மி.மீ. வட்டத்தை மெல்லிய கோடாகச் சேர்த்துவிடுங்கள்; அது மடிப்புக்குள் மறைந்துவிடும். தாள் 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருந்தால் போதும். தடித்த அட்டை பஞ்சின் முனையையும் மழுங்கடிக்கும், பிரஸ்ஸையும் திணறடிக்கும். முனை மழுங்கியதாகத் தோன்றினால் அலுமினியத் தாளை மடித்துச் சில முறை வெட்டிப் பாருங்கள். ஓரளவு கூர்மை திரும்பும்.

சுழல் கத்திக் கட்டரின் சிறப்பு, 25, 44, 58 என்று பல அளவுகளுக்கும் ஒரே கருவி போதும் என்பதுதான். ஆனால் அதன் அளவுகோலை நம்பி வெட்டக் கூடாது. ஒவ்வொரு முறை அளவை மாற்றும்போதும் மைலார் வட்டோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும். நடுவில் ஊசி குத்தி நிற்கும் வகையை வாங்காதீர்கள், அந்தத் துளை பேட்ஜின் முகத்திலேயே தெரியும். கீழே கட்டிங் மேட் (கத்தி மேசையைக் கீறாமல் இருக்க வைக்கும் விரிப்பு) அவசியம். நூறு வட்டங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றி வெட்டுவது கத்தரிக்கோலைவிட எளிதானாலும் பஞ்சின் வேகத்தை எட்டாது.

கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின், தாளில் அச்சான அடையாளக் குறிகளைத் தன் சென்சாரால் படித்து, படத்தின் இடம் அறிந்து வெட்டுகிறது. வட்டத்தோடு இதய வடிவ ஸ்டிக்கர், பெயர்ப் பட்டை போன்றவற்றையும் விற்க எண்ணினால் அது பயன்தரும் முதலீடு. பேட்ஜ் மட்டும் என்றால் எனக்கு அது தேவையற்ற செலவாகத் தோன்றுகிறது. குறிகளுக்காகத் தாளின் ஓரம் வீணாகும், பளபளப்பான தாளில் குறியைப் படிக்கச் சென்சார் தடுமாறும், தாளை ஒட்டி வைக்கும் விரிப்பிலிருந்து மெல்லிய தாளை உரிக்கும்போது கிழியவும் கூடும்.

எந்தக் கருவியை வாங்கினாலும், பிரிண்டர் அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கி 100 சதவீத அளவில் அச்சிட்டு, வட்டத்தை ஸ்கேலால் ஒரு முறை அளந்துவிடுங்கள். எழுத்துகளையும் முகங்களையும் நடுவிலுள்ள 50 மி.மீ. வட்டத்துக்குள் அடக்குங்கள். விளிம்பை ஒட்டி வட்டக் கோடு போடும் வடிவமைப்பை வாடிக்கையாளர் கேட்டாலும் தவிர்க்கச் சொல்வது நல்லது, ஏனெனில் ஒரு மி.மீ. விலகலைக்கூட அந்தக் கோடு பளிச்சென்று காட்டிவிடும். இங்க்ஜெட்டில் அச்சிட்டால் மை நன்கு உலர்ந்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். ஈரமான மை மைலாரில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கறையை எடுக்க வழியில்லை.