பழைய கம்பளி ஸ்வெட்டரை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா?

தாராளமாக முடியும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெந்நீரில் துவைத்து இறுக வைத்தால், வெட்டி வேறு பொருட்கள் செய்ய ஏற்ற தடித்த துணியாகிவிடும். முதலில் லேபிளைப் பாருங்கள். அசல் ஆட்டுக் கம்பளியாக இருக்க வேண்டும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் எவ்வளவு துவைத்தாலும் இறுகாது. சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியும் அப்படித்தான்.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டு உரசும்போது இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. துணி சுருங்கித் தடிக்கிறது. வாஷிங் மெஷினில் 60 டிகிரி சூட்டில், சாயம் போகாத பழைய ஜீன்ஸ் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். பின்னல் கண்கள் மறையும்வரை திரும்ப ஓட்டலாம். நன்றாக இறுகியபின் எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது, அதுதான் இதன் பெரிய அழகு.

சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கு இது அருமையானது: கம்பளி சூட்டை எளிதில் கடத்தாது, சட்டென்று தீப்பற்றாது. ஈரமாக இருந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள், கை சுட்டுவிடும். கைப்பகுதியை வெட்டித் தண்ணீர் பாட்டிலுக்கு உறையாக்கலாம்.