நீங்கள் கேட்ட மன்னிப்பு

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். வயது 22. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய பிள்ளையின் கம்பளி சுவெட்டர் கழுவியதும் சுருங்கிவிட்டது என்று ஓர் அம்மா கொண்டுவந்தார். பற்றுச்சீட்டு இல்லை. காசைத் திருப்பிக் கேட்டார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “தோட்டக்காட்டுல இருந்து வந்ததுகள கவுண்டர்ல நிப்பாட்டினா இப்படித்தான்” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். 1977க்கு ஃபோன் அடிப்பேன் என்றும் மிரட்டினார். முதலாளி வந்து என்னையே மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். இப்போது யார் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் கை நடுங்குகிறது. வேலையை விட்டுவிடவா, அக்கா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ‘தோட்டக்காடு’ என்ற அந்த வார்த்தை என் காதிலும் விழுந்திருக்கிறது. பண்டாரவளையில் ஒரு கடையில் ஆறு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். ஒருநாள் சில்லறை குறைந்துவிட்டது என்று ஒருவர் அதே வார்த்தையைச் சொன்னார். சில்லறை அவருடைய பையின் மடிப்புக்குள்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். நானும் பேசாமல் நின்றேன். அது இன்னும் வலிக்கிறது.

அன்று உங்கள் முன்னால் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று சுவெட்டர், மற்றது அந்த வார்த்தை. முதலாளி இரண்டையும் ஒரே மன்னிப்பில் முடித்துவிட்டார். அதுதான் உங்கள் கையை நடுங்க வைக்கிறது.

சுவெட்டரைப் பார்ப்போம். அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைக்குக் குளிருக்கென்று வாங்கியது, மூன்று வாரத்தில் போடமுடியாமல் போய்விட்டது. ஆனால் கம்பளி சுடுதண்ணீரில் விழுந்து கசக்கப்பட்டால், இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் பழையபடி வராது. ஹட்டன் குளிரில் பச்சைத்தண்ணீரில் யார் துணி கழுவுவார்கள்? வெந்நீர் வைக்கத்தான் செய்வார்கள். அதனால் விற்கும்போதே, “அக்கா, இத சுடுதண்ணியில போட்டுறாதீங்க” என்று சொல்லிக் கொடுங்கள். பற்றுச்சீட்டின் பின்னால் ஒரு வரி எழுதியும் விடலாம். கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை வாசலோடு நின்றுவிடும்.

1977 என்றதும் பயப்படாதீர்கள். அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குகிற சபை. குறித்த விலைக்கு மேல் விற்றாலோ, கேட்டும் பற்றுச்சீட்டு கொடுக்காவிட்டாலோ கடைக்குத்தான் சிக்கல். “முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்ற பிள்ளைக்கு அதில் ஒன்றும் வராது. யாராவது அடிப்பேன் என்றால், “அடிங்க அக்கா, அது உங்க உரிமை” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சட்டென்று குரல் தணிவதைப் பார்ப்பீர்கள்.

இனி அந்த வார்த்தை. அதற்கு நீங்கள் தலைகுனிய ஒன்றுமே இல்லை. 2023இல், நம் மலையகத் தமிழ் ஆட்கள் இந்தியாவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எத்தனையோ பேர் நடந்தார்கள். மரியாதையோடு வாழவேண்டும் என்று கேட்டுத்தான் நடந்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நடை.

அதற்காகத் திருப்பித் திட்டச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவில் அது உங்கள் வேலைக்கே உலை வைக்கும். ஒரே ஒரு வசனத்தை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: “அக்கா, சாமானப் பத்தி சொல்லுங்க, நான் கேக்குறேன். என்னைப் பத்தி பேசறதுன்னா முதலாளி வரட்டும்.” குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, சாமானை இரண்டு பேருக்கும் நடுவில் மேசையில் வையுங்கள். கண் அந்தச் சாமான்மேல் போகும், பேச்சும் அங்கேயே திரும்பும். எனக்கு அப்போது யாரும் சொல்லித் தராத வசனம் இது.

எல்லாரையும் அந்த அம்மா மாதிரி நினைத்துவிடவும் வேண்டாம். சம்பளம் கிடைத்த கையோடு வந்து, ஒரு சட்டைக்குப் பத்துச் சட்டையை விரிக்கச் சொல்லி, மூன்று தடவை விலை கேட்கிற அம்மாவும் நம்மைச் சலிக்க வைப்பார். அது ஆணவம் இல்லை. கொழுந்து பறித்த காசு, எண்ணித்தான் செலவழிக்க முடியும். அவருக்கு இன்னும் இரண்டு சட்டை சேர்த்தே விரித்துக் காட்டுங்கள்.

வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். முதலாளியிடம் பேசுங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் இல்லாத ஒரு கிழமைநாள் காலையில், கடை திறந்த கையோடு பேசுங்கள். இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை நாளுக்குள், எந்தச் சாமானை மாற்றலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கவுண்டரில் ஒட்டச் சொல்லுங்கள். சாதி, ஊர், தோட்டம் என்று யாராவது பேச்சை இழுத்தால் அவரே முன்னால் வந்து நிற்கவேண்டும் என்றும் சொல்லுங்கள். நல்ல முதலாளி என்றால் இதில் தனக்கும் லாபம் இருப்பது புரியும்.

அவர் முகத்தைச் சுளித்தால், வேறு கடையில் கேட்டு வையுங்கள். தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்த பிள்ளை என்றால் ஹட்டனில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இடம் உறுதியான பிறகு மட்டும் விலகுங்கள்.