மைய நீரோட்ட சமூக உளவியல், விமர்சன சமூக உளவியல்: ஆய்வேட்டில் இரண்டையும் எப்படிக் கையாள்வது?

கேள்வி: காரைக்குடியில் முதுகலை உளவியல் படிக்கிறேன். ஒரே தலைப்பை மைய நீரோட்ட அணுகுமுறையிலும் விமர்சன அணுகுமுறையிலும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார் கைடு. கேள்வித்தாள் கொடுத்து எண் போட்டால் மைய நீரோட்டம், பேட்டி எடுத்தால் விமர்சனம் என்று வகுப்பில் பேசிக்கொள்கிறோம். இது சரியா? நம் பக்கத்து விஷயம் ஒன்றை வைத்து விளக்க முடியுமா?

பதில்:

சரியில்லை. அந்தப் பிரிவினையோடு தொடங்கினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள். விமர்சன உளவியலில் தவிர்க்க முடியாத பெயர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1986-இல் பல்கலைக்கழகத்துக்குள் பொதுக்கருத்துக் கணிப்பு நிறுவனம் தொடங்கியவர் அவர். அரசு சொன்னதற்கும் மக்களின் அன்றாடத்துக்கும் இருந்த இடைவெளியைக் காட்ட அவருக்கு எண்தான் ஆயுதம். 1989 நவம்பர் 16 அன்று ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மைய நீரோட்டக்காரர்களும் கேள்வித்தாள் தயாரிக்கும் முன் பேட்டி எடுப்பவர்கள்தான். ஆகவே கருவியில் வேறுபாடு இல்லை, எதை ஆராய்கிறோம் என்பதில் இருக்கிறது.

மைய நீரோட்டத்துக்கு, மனிதர் ஓர் அலகு. சமூகம் அவருக்கு வெளியே நின்று அவரைப் பாதிக்கும் ஒன்று. அந்தப் பாதிப்பை மாறிகளாக, அதாவது தனித்தனியே அளக்கக்கூடிய கூறுகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை நிலையாக வைத்துப் பார்க்கலாம் என்பது நம்பிக்கை. விமர்சன அணுகுமுறை, மனிதருக்கும் சமூகத்துக்கும் நடுவே போட்ட அந்தக் கோட்டையே கேள்வி கேட்கிறது: தனிமனிதர், சமூகம் என்று பிரித்தது யார், அப்படிப் பிரித்ததால் எந்த அதிகாரம், எந்த வரலாறு கண்ணில் படாமல் போகிறது?

நம் பக்கத்து விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் முகப்பு ஓடு சரிந்து, வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) மழைநீர் ஒழுகும் பெரிய வீடு ஒன்றாவது உண்டு. பங்காளிகள் பலர். சென்னையில், மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வசதி இல்லாமல் இல்லை. ஆனாலும் ஓடு மாற்ற ஆள் வருவதில்லை. ஏன்?

மைய நீரோட்டத்தில் இதற்குத் தயாராக ஒரு கருத்தாக்கம் இருக்கிறது: பொறுப்புச் சிதறல். டார்லி, லாட்டானே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968-இல் நியூயார்க்கில் மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை. இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் ஒலிக்கும். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியபோது 62. இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்றபோது 31. ஆள் கூடக் கூடப் பொறுப்பு பங்கு பிரிந்து மெலிகிறது.

இதைப் பங்காளி வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க, கற்பனைச் சூழல் ஒன்றை எழுதி இரு குழுக்களுக்குக் கொடுக்கலாம். ஒரு குழுவுக்கு "வீட்டுக்கு 3 பங்காளிகள்", மற்றதற்கு "30 பங்காளிகள்". நடுத்தர அளவு விளைவை எதிர்பார்த்தால் (இரு குழுச் சராசரிகளின் இடைவெளியைக் காட்டும் கோஹனின் டி மதிப்பு 0.5, முக்கியத்துவ மட்டம் 5 விழுக்காடு, இருவால் சோதனை, விளைவு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் 80 விழுக்காடு) குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். சிறிய விளைவு, அதாவது 0.2 என்றால் குழுவுக்கு 394 பேர். வகுப்புத் தோழர்கள் முப்பது பேரை வைத்து முடிப்பது பயனற்ற வேலை.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். "ஓடு மாற்ற ஒரு லட்சம் ஆகும், எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேட்டால், மூவர் வீட்டில் ஒருவர் பங்கு 33,333 ரூபாய், முப்பது பேர் வீட்டில் 3,333. நீங்கள் அளப்பது பொறுப்பையா, பணச்சுமையையா? தலைக்குப் பத்தாயிரம் என்று நிறுத்தினால் மொத்தச் செலவு முப்பதாயிரத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் விலகி, பழுதின் அளவே வேறாகத் தெரியும். ஆகவே பணத்தை விட்டுவிட்டு, "முதல் போனை நீங்கள் போடுவீர்களா, எத்தனை நாளுக்குள்?" என்று கேளுங்கள். இரண்டாவது, நிஜப் பங்காளிகளிடமே போனால் ஒரே வீட்டுக்காரர் ஆறு பேரின் பதில்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. இருபது வீட்டிலிருந்து 128 பேர் என்பது 128 தனித்தனிப் பதில்கள் ஆகாது. வீட்டையும் ஓர் அடுக்காகச் சேர்த்துப் பல்மட்டப் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

மூன்றாவது சறுக்கல்தான் விமர்சன அணுகுமுறைக்குக் கதவைத் திறக்கிறது. "வீட்டைப் பழுதுபார்ப்பது என் பொறுப்பு" என்ற வாக்கியத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கிறீர்கள். மூத்தவர் இருக்கும்போது இளையவர் "என் பொறுப்பு" என்று ஐந்து போடுவது இங்கே மரியாதைக் குறைவாகப் படலாம். அவர் போட்ட இரண்டு தட்டிக்கழிப்பா, அடக்கமா? எத்தனை முறை மொழிபெயர்த்து மறுமொழிபெயர்த்தாலும் இந்தச் சிக்கல் தீராது. வார்த்தையைத் தாண்டிய சிக்கல் இது: பொறுப்பு என்பது ஒருவர் மனத்துக்குள் கிடக்கும் அளவு என்ற எண்ணமே இங்கே இடிக்கிறது.

அலகையும் பாருங்கள். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் மரபில் கோயில் கணக்கு ஆள் கணக்கில் போவதில்லை, புள்ளிக் கணக்கில் போகிறது. திருமணமானவர் மனைவியோடு சேர்ந்து ஒரு புள்ளி. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனி அடுப்போடு வேறு வைப்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்தது. நீங்களோ தனி ஆளிடம் தாளை நீட்டுகிறீர்கள். அந்தப் புள்ளிக்குள் மனைவியான ஆச்சியின் கருத்து எங்கே பதிவாகிறது?

டார்லி, லாட்டானே ஆய்வுக்கும் இதே கதி உண்டு. அதற்குத் தூண்டுதல் 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டது. முப்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. அந்தச் செய்தியைச் சான்றுகள் தாங்கவில்லை என்று மேனிங், லெவின், காலின்ஸ் 2007-இல் காட்டினார்கள். அதற்கு முன்பே ஃபிரான்சஸ் செர்ரி இன்னும் ஆழமாக ஒன்றைச் சொல்லியிருந்தார்: ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கொன்ற நிகழ்வு, ஆய்வகத்துக்குள் போனதும் "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்ற எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது; பெண் மீதான வன்முறை காணாமல் போனது. விமர்சன வாசிப்பு என்றால் இதுதான். முடிவு பொய் என்று அது சொல்வதில்லை; நிகழ்வை மாறியாக்கும்போது எது உதிர்ந்தது என்று கேட்கிறது.

உங்கள் தலைப்பில் உதிர்வது என்ன? மகள்கள். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்து சட்டம் திருத்தப்பட்டது. பங்காளிகள் கூடிப் பேசும்போது அவர்கள் பெயர் எப்படி வருகிறது, வருகிறதா? அடுத்து, காவலுக்கு இருக்கும் குடும்பம். தினமும் வளவைப் பெருக்கி, ஒழுகும் இடத்தில் அண்டாவை வைப்பவர்களுக்குப் பங்கும் இல்லை, முடிவில் குரலும் இல்லை. "யாரும் கவனிக்காத வீடு" என்று நாம் சொல்லும்போது அவர்கள் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது.

இந்த விமர்சனப் பகுதிக்கு எட்டுப் பத்து நேர்காணல் போதும். ஆனால் தேர்வு பரவலாக இருக்க வேண்டும். மூத்த பங்காளி, வெளியூர் இளையவர், கட்டிக்கொடுத்த மகள், வந்த மருமகள், காவல்காரர். வளவில் உட்கார்ந்து எடுக்காதீர்கள். சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் கேட்கும், பெரியவருக்கு ஏற்ற பதில்தான் வரும். ஒரு மணிநேரப் பதிவை எழுத ஆறு முதல் எட்டு மணிநேரம் ஒதுக்குங்கள். தயக்கம், இடைவெளி, குரல் ஏற்ற இறக்கத்தோடு ஜெஃபர்சன் முறையில் எழுதுவதானால் அதைப்போல் மூன்று மடங்கு.

பகுப்பாய்வுக்கு பாட்டர், வெதரெல் 1987-இல் வகுத்த வழி உதவும். ஒரு பேச்சு என்ன வேலை செய்கிறது, எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே மாறுகிறது? உதாரணத்துக்கு, "எனக்கு ஒண்ணுமில்ல, அண்ணன் பாத்துச் செய்யட்டும்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரியில் செலவிலிருந்து விலகுகிறார், மரியாதை காட்டுகிறார், நடக்காவிட்டால் பழி அண்ணன் மேல் விழவும் இடம் வைக்கிறார். அதே மனிதர் படைப்பைப் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கைப்) பற்றிப் பேசும்போது "நம்ம வீடு" என்கிறார் என்றால், அந்த மாற்றத்தைத்தான் பிடித்து எழுத வேண்டும். "மனசுக்குள்ள உண்மையில் என்ன நினைக்கிறார்" என்று தேடினால் மீண்டும் பழைய கோட்டுக்கே வந்துவிடுவீர்கள்.

மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு மூன்று மேற்கோள் என்று அடுக்கிவிட்டு அதைப் பகுப்பாய்வு என்கிறார்கள். ஒன்பது பேரில் "67 விழுக்காட்டினர்" என்று எழுதுகிறார்கள். முறையியல் அத்தியாயத்தில் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதிக் கடமையை முடிக்கிறார்கள். உங்களை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனது யார், உங்கள் சாதி, பால், வயது என்ன, முகப்போடு நிறுத்தினார்களா, உள்ளே விட்டார்களா என்பதெல்லாம் தரவின் பகுதி.

அடையாளம் மறைப்பதிலும் கூடுதல் கவனம் வேண்டும். பெயரை மாற்றினால் போதாது. ஊர், தூண் வகை, பங்காளி எண்ணிக்கை மூன்றையும் எழுதினால் இங்கே எந்த வீடு என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். வாட்ஸாப் குழுப் பேச்சை எடுப்பதானால் குழுவை நடத்துபவர் ஒருவர் சம்மதம் போதாது. எழுதியவர் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

மைய நீரோட்டம் தேங்கி நிற்கிறது என்றும் எழுதிவிடாதீர்கள், அது நியாயமில்லை. லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராப் பதிவில் 219 தெருச் சண்டைகளைப் பார்த்த ஆய்வில், பத்துக்கு ஒன்பதில் யாராவது ஒருவராவது தலையிட்டிருந்தார்கள். ஆள் கூடும்போது உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. தன் பாடநூல் பாடத்தைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் அந்த மரபுக்கு உண்டு.

நான்கு மாதம்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு தரவையும் திரட்ட முயலாதீர்கள். நேர்காணலை நீங்கள் செய்யுங்கள். மைய நீரோட்டப் பகுதிக்கு வெளியான பரிசோதனைகளை எடுத்து, மேலே சொன்ன 3, 30 பங்காளி வடிவமைப்பை முன்மொழிவாக மட்டும் எழுதி, அது எங்கே உடையும் என்று விவாதியுங்கள். முதல் நேர்காணலைக் காவல்காரர் குடும்பத்திடம் வையுங்கள். பங்காளிகளிடம் பேசிவிட்டுப் போனால், நீங்கள் அவர்கள் அனுப்பிய ஆளாகத்தான் அங்கே தெரிவீர்கள்.